துவைக்க முடியாத நாற்காலி

கோவில்பத்தில் வீடு கட்டி முடித்ததும் நான் கேட்டது ஒன்றே ஒன்றுதான். சாப்பாட்டு மேசை, அதைச் சுற்றி மெத்தை வைத்த நாற்காலிகள். எண்பதுகளின் தொடக்கம் அது. எங்கள் தெருவில் மேசை வைத்திருந்த வீடுகளிலும் அதன் மேல் இஸ்திரி போட்டார்கள், சாப்பிடவில்லை.

தச்சர் தேக்கில் சட்டம் செய்து கொடுத்துவிட்டார். நாற்காலியின் முதுகு ஜன்னலின் கீழ் விளிம்பைத் தாண்டக் கூடாது என்று சொல்லியிருந்தேன், சரியாகவே செய்திருந்தார். மெத்தைக்குக் கார் சீட் தைக்கும் கடைக்குத்தான் போக வேண்டியிருந்தது. கடைக்காரர் இரண்டு துண்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று காபிக்கொட்டை நிற ரெக்சின். இன்னொன்று கரும்பச்சையில் தடித்த துணி. எங்கள் வீட்டில் வெள்ளைச் சுவர், சாம்பல் நிற மொசைக் தரை. பச்சைதான் எடுப்பாக இருக்கும் என்று பார்த்ததுமே தெரிந்தது. ரெக்சின் நம் ஊர் வெக்கைக்குத் தொடையில் ஒட்டும்.

என் கணவர் ரெக்சினைத் தட்டிக் காட்டினார்.

"இதுன்னா ஈரத்துணியால தொடைச்சிடலாம்ல."

"சாம்பார் சிந்துனா இந்தப் பச்சையையுந்தான் தொடைக்கலாங்க."

"சாம்பாருக்குச் சொல்லல."

எதற்குச் சொல்கிறார் என்று எனக்குத் தெரியும். பூவத்திலிருந்து அவருடைய அம்மா வந்து தங்கப் போகிறார். அவர்கள் வீட்டில், தூரமான பெண், அதாவது மாதவிலக்கானவள், துணி விரித்த எதிலும் உட்காரக் கூடாது. துணியில் தீட்டு தங்கிவிடுமாம், துவைத்தால்தான் போகுமாம். பலகை, சிமெண்டுத் தரை என்றால் தண்ணீர் தெளித்தால் போதும். ஆணி அடித்த மெத்தையை எப்படித் துவைப்பது?

கல்யாணமானதிலிருந்து அந்த நாட்களில் கொல்லைக் கதவோரம் தனித் தட்டில் சாப்பிட்டவள் நான். அதே நாட்களில் ஆபீஸில் குஷன் நாற்காலியில் உட்கார்ந்து ஃபைல் பார்த்தேன். அங்கே கூரை ஒன்றும் இடிந்து விழவில்லை. என் மகள் அப்போதுதான் பெரியவளாகியிருந்தாள். அவளையும் கதவோரம் உட்கார வைப்பதற்கா நான் வீடு கட்டினேன்?

"பச்சையே போடுங்க," என்றேன் கடைக்காரரிடம்.

வாய்தான் சொன்னது. நாற்காலிகள் வந்து சேர்ந்த பிறகு அவற்றைப் பார்க்கும்போதெல்லாம் பயம்தான் வந்தது. அம்மா அழுதால் இந்த மனுஷன் உருகிவிடுவார். அவரே மெத்தையைப் பிடுங்கிப் போட்டாலும் போடுவார். ஆபீஸில் போட்ட கூட்டலெல்லாம் தப்பானது.

மாமியார் வந்தார். வந்ததும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து லேசாக எழும்பி எழும்பிப் பார்த்தார்.

"கார்ல போறாப்புல இருக்கு. இதை எப்புடிம்மா கழட்டித் துவைப்பே?"

"கழட்ட முடியாது அத்தை. ஆணி அடிச்சிருக்கு."

"அப்பத் தூரமானா?"

"இதுலதான்."

தேள் கொட்டியது போல எழுந்தார். நேராகக் குளியலறைக்குப் போய்த் தலைக்கு ஊற்றிக்கொண்டார். என் நாற்காலியில் உட்கார்ந்ததற்குக் குளியல்! அதன் பிறகு தரையில்தான் சாப்பிட்டார். மேசைக்கும் அம்மாவுக்கும் நடுவில் மாட்டிக்கொண்ட என் கணவர், தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே தின்றார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அந்தத் தட்டைப் பிடுங்கி எறிந்திருப்பேன்.

எங்களுக்கு விடுமுறையான ஒரு சனிக்கிழமை மத்தியானம் மகள் பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தாள். ஏன் என்று எல்லோருக்கும் தெரியும். சாப்பிடக் கூப்பிட்டேன். யாரும் ஒன்றும் சொல்லாமலே தன் தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைக் கதவுப் பக்கம் நடந்தாள்.

"புள்ளைக்குத் தெரியுது. படிச்சவளுக்குத்தான் தெரியல," என்றார் மாமியார்.

"தட்டை இங்க கொண்டாடி!"

"வேணாம்மா. அப்பாயி திட்டும்."

மாமியாரிடம் எத்தனை நாள் வேண்டுமானாலும் சண்டை போடுவேன். ஆனால் இவள் தானாகவே போய்விட்டாளே. கணவரைப் பார்த்தேன்.

"நான் இனிமே பேச மாட்டேங்க. உங்க மக. நீங்க சொல்லுங்க, எங்க உக்காரணும்னு."

அவர் அம்மாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். கதவோரம்தான் என்று சொல்லிவிடுவார் என்றே நினைத்தேன். சொல்லியிருந்தால் அன்றைக்கே மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பியிருப்பேன். எங்கே போவது என்று எனக்குத் தெரியாது. அவர் தன் தட்டை மேசையில் வைத்தார். ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"வா பாப்பா. சோறு ஆறுது."

"ஏண்டா, எனக்கு பஸ் எத்தனை மணிக்குடா?" என்றார் மாமியார்.

மகள் வந்தாள். அப்பாவின் முகத்தைப் பார்த்தபடி நாற்காலியின் நுனியில், மெத்தை கொஞ்சம்கூட அமுங்காமல், காலில் பாரத்தைத் தாங்கிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"நல்லா உக்காருடி!" என்று கத்தினேன்.