சாம்பல்தீவில் சோதிக்கப்படாத இரத்தம்

போன பங்குனியில் கண்டியில் இருந்து திருகோணமலைக்குப் போனேன். பையில் முப்பத்தொரு கடிதங்கள் இருந்தன. நிலாவெளிக் கடற்கரைக்கு வழி தேடி இந்த வலைப்பக்கத்துக்கு வந்தவர்களுக்குப் பஸ் விபரங்கள் உதவும். மற்றதையும் வாசித்தால் நல்லது.

காலை 6.10 பஸ், தம்புள்ளை, ஹபரணை, கந்தளாய் வழி. ஏறக்குறைய 180 கிலோமீற்றர், கட்டணம் 680 ரூபா. இடப்பக்க ஜன்னல் இருக்கையைத் தவிருங்கள், வெய்யில் அங்கேதான் விழும் என்று கண்டக்டர் சொன்னார். அவர் சொன்னது பிழை, வெய்யில் வலப்பக்கம்தான் அடித்தது. 11.50க்குத் திருகோணமலையில் இறங்கினேன்.

நான் ஒரு சிறுநீரக ஆய்வில் உதவியாளராக வேலை செய்தவள். காரணம் தெரியாமல் சிறுநீரகம் பழுதாகிறவர்களைப் பற்றிய ஆய்வு அது. அரசாங்க நிதி. விண்ணப்பித்து, இரண்டு நிபுணர்கள் மதிப்பிட்டு, ஒழுக்கநெறிக் குழு அனுமதித்து, முதல் தவணை கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனது. வந்தவுடன் திருகோணமலைக்குப் பக்கத்துச் சாம்பல்தீவில் முப்பத்தொரு வீடுகளில் இரத்தமும் சிறுநீரும் எடுத்தோம். ஆறு மாதத்தில் முடிவு சொல்லுவோம் என்று ஒவ்வொரு வீட்டிலும் சொன்னது நான்தான்.

சோதனைக்கான இரசாயனங்களை வெளிநாட்டில் இருந்து எடுப்பிக்க வேண்டும். அதற்குக் கேள்விப்பத்திரம், அதாவது டெண்டர், கோர வேண்டும். முதல்முறை ஒரேயொரு கம்பனிதான் விலை கொடுத்தது, போட்டியில்லை என்று கொள்வனவுக் குழு ரத்துச் செய்தது. இரண்டாம்முறை விலை ஏறியிருந்தது. போக்குவரத்துக்கு ஒதுக்கிய பணத்தில் கொஞ்சத்தை இதற்கு மாற்ற அனுமதி கேட்டோம். அனுமதிக் கடிதம் தை மாதம் வந்தது. அதற்கு முன்பே, வருடக் கடைசியான மார்கழி முப்பத்தொன்றுடன், செலவழியாத பணம் அரசாங்கத் திறைசேரிக்குத் திரும்பியிருந்தது. சோதனை நடக்காததால் முன்னேற்றம் திருப்தியில்லை என்று நிதி கொடுத்தவர்கள் எழுதினார்கள், இரண்டாம் தவணையும் நின்றது. யாரும் ஒரு ரூபாகூடத் திருடவில்லை. எல்லோரும் விதிப்படிதான் நடந்தார்கள். திட்டத்தை மூடும்போது, சோதனை நடக்கவில்லை என்பதை இரத்தம் கொடுத்தவர்களுக்குக் கடிதத்தில் அறிவிக்க வேண்டும் என்று ஒழுக்கநெறிக் குழு கேட்டது. என் ஒப்பந்தம் முடிந்திருந்தது. ஆனாலும் அந்தக் கடிதங்களைத் தபாலில் போட மனம் வரவில்லை.

பஸ் நிலையத்தில் இருந்து சாம்பல்தீவு ஏழு கிலோமீற்றர் வரும். நிலாவெளி தாண்டிப் போகும் இறக்கக்கண்டி பஸ் அந்த வழியால்தான் போகும், ஆனால் மத்தியானத்தில் நீண்ட நேரம் நிற்க வேண்டும். நான் ஓட்டோ பிடித்தேன், ஆயிரம் ரூபா. சாரதி கிண்ணியாக்காரர். அரசாங்கச் சுகாதாரக் கந்தோரில் வேலையா என்று கேட்டார். ஆய்வு என்றேன். அவர் வண்டியைக் கிளப்பினார்.

முதல் வீடு தவராசா அண்ணையுடையது. மிளகாய்த் தோட்டமும் கடல் தொழிலும் செய்தவர். இரத்தம் எடுத்த அன்றைக்கு ஊசியைப் பார்த்துச் சிரித்தபடி கையை நீட்டிய மனிதர். இப்போது கதிரையில் காலைத் தூக்கிவைத்து இருந்தார். கால் இரண்டும் வீங்கியிருந்தன. கழுத்தில் குழாய் ஏற்றிய இடத்தில் பிளாஸ்திரி. கிழமைக்கு இரண்டு முறை ஆஸ்பத்திரியில் இரத்தம் சுத்திகரிப்பதாக அவருடைய மனைவி பரமேஸ்வரி அக்கா சொன்னார்.

கடிதத்தைக் கொடுத்தேன். தவராசா அண்ணை அதை வாசிக்காமல் என்னைக் கேட்டார்.

“அப்பவே என்ர இரத்தத்தில இது இருந்ததோ, பிள்ளை?”

“தெரியாது அண்ணை. சோதிக்கேல்ல.”

“எடுத்துக்கொண்டு போனனீங்கள்.”

“ஓம், எடுத்தனாங்கள். குளிர்ப்பெட்டியில இருக்குது.”

அக்கா மெல்லத்தான் சொன்னார். கால் வீங்கத் தொடங்கியபோதே கிளினிக்குக்குப் போவோம் என்று அவர் கேட்டிருக்கிறார். கண்டியில் பெரிய ஆட்கள் பார்க்கிறார்கள், ஏதும் இருந்தால் கூப்பிடுவார்கள் என்று தவராசா அண்ணை மறுத்திருக்கிறார். ஆறு மாதம் முடிந்து, இன்னும் எட்டு மாதம் காத்திருந்திருக்கிறார். சிறுநீரகம் பழுதா என்று பார்க்கும் சாதாரணச் சோதனை ஆஸ்பத்திரியில் இலவசம். நாங்கள் தேடியது அதற்கான காரணத்தை. இந்த ஆய்வு வைத்தியம் அல்ல என்று சம்மதப் படிவத்தில் ஒரு வரி உண்டு. அதை நான் வாசித்துக் காட்டினேன், வேகமாக.

மன்னிப்புக் கேட்டேன். எழும்பி, மற்ற வீடுகளுக்குப் போய் எல்லோரையும் கிளினிக்குக்குப் போகச் சொல்லப்போகிறேன் என்றேன்.

“நீங்கள் சொன்னால் சனம் போகாது” என்றார் அக்கா. “அதுகள் கடிதத்தை அலுமாரிக்குள்ள வைச்சுப்போட்டுச் சும்மா இருக்குங்கள். நான் வாறன்.”

கணவருக்குப் பக்கத்தில், வைத்தியர் சொன்ன அளவுக்குத் தண்ணீரை அளந்து வைத்தார், செருப்பைப் போட்டுக்கொண்டு என்னுடன் வந்தார். தன் குடைக்குள் என்னைச் சேர்க்கவில்லை. ஒவ்வொரு வாசலிலும் நான் கடிதத்தைக் கொடுத்த பிறகு அவர் ஒன்றையே சொன்னார்: “எங்கட மனுசன் இந்த முடிவுக்குக் காத்திருந்தவர். நீங்கள் காத்திருக்காதேங்கோ.” ஒரு வீட்டில் என்னை உள்ளே வர வேண்டாம் என்றார்கள், அவரை மட்டும் கூப்பிட்டார்கள். நான் வேலிக்கு வெளியே நின்றேன். ஐந்து வீடுகள் பூட்டிக் கிடந்தன, அந்தக் கடிதங்களை அக்கா வாங்கிக்கொண்டார். மாலை 5.20க்கு முடிந்தது. தேத்தண்ணி குடித்துவிட்டுப் போகச் சொல்வார் என்று நான் எதிர்பார்த்திருக்கக் கூடாது.

அடுத்த மாதம் கிளினிக் தாதிக்குப் போன் எடுத்துக் கதைத்தேன். இருபத்திரண்டு பேர் போயிருந்தார்கள். இரண்டு பேருக்கு ஆரம்ப நிலை, மருந்தோடு சமாளிக்கலாமாம். தவராசா அண்ணை ஆடியில் காலமானார். குளிர்ப்பெட்டியில் இருந்த மாதிரிகளை, வேறு ஆய்வுக்குச் சம்மதம் இல்லை என்பதால், விதிப்படி எரித்தார்கள். அவருடைய குழாயில் இலக்கம் மட்டும்தான் இருந்தது. எது அவருடையது என்று எனக்குத் தெரியும்.

போகிறவர்களுக்குச் சில விஷயங்கள். பங்குனி வெய்யிலில் பத்து மணிக்கு முன் வீடுகளுக்குப் போங்கள். திரும்பிவர ஓட்டோக்காரரின் போன் இலக்கத்தை முதலே வாங்கி வையுங்கள், பின்னேரத்தில் அங்கே வாகனம் கிடைப்பது கஷ்டம். நகரத்தில் சுமாரான அறை 3,500 ரூபாவுக்கு எடுக்கலாம். ஆய்வுக்காகப் போகிறவர்கள், கிளினிக் நடக்கும் நாளையும் நேரத்தையும் பெரிய எழுத்தில் எழுதிக் கொண்டுபோய்க் கொடுங்கள், இரத்தம் எடுப்பதற்கு முன்னரே. பணம் முழுவதும் கைக்கு வரும்வரை யாருக்கும் மாதக்கணக்குச் சொல்லாதீர்கள். நமக்கு அது விண்ணப்பத்தில் நிரப்பும் ஒரு கட்டம். கேட்கிறவர்கள் அதை வாக்காக எடுத்துக்கொள்கிறார்கள்.