தூணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி

மாவுக்கடைக்காரரை எனக்கு ஆரம்பத்திலிருந்தே பிடிக்காது. கண்டியில் ரயில் பாதையை ஒட்டிய கட்டிடத்தில் கீழே அவர் கடை, மேலே என் போட்டோ ஸ்டூடியோ. மேல்மாடி முழுக்கப் பலகைத் தளம். மாத்தளை ரயில் போனால் தளம் அதிரும், கமரா அதிரும், படத்தில் மாப்பிள்ளைக்கு நாலு கண் இருக்கும். கமராக் கால்களுக்கு அடியில் தென்னந்தும்பைத் திணித்துப் பார்த்தேன். இன்னும் மோசமாக ஆடியது.

கடைசியில் கட்டிடக்காரரிடம் கெஞ்சி, கீழே தரையில் குழி தோண்டி மணல் நிரப்பி, அதன்மேல் ரப்பர் ஷீட்டுகளை அடுக்கி ஒரு மரத்தூணை நிறுத்தினேன். அது மாவுக்கடை நடுவே எழும்பி, என் தளத்தில் அறுத்த ஓட்டை வழியாக மேலே வந்தது. அதன் தலையில் கமரா. தூணைச் சுற்றி இரண்டு விரல் இடைவெளி விட்டிருந்தேன். பலகையோ வேறெதுவோ தூணைத் தொட்டால் அதிர்வு ஏறிவிடும்.

அந்த இடைவெளியால் என் அறைத் தூசி அவர் மாவில் விழுந்தது. "ஏங்க, மனுசன் திங்கிற மாவுங்க இது!" என்று கத்துவார். ஏணி வைத்து ஏறிச் சாக்கை அடைப்பார். நான் பிடுங்கி அவர் தலையிலேயே போடுவேன். சில நாள் வேண்டுமென்றே அந்தப் பக்கமாகப் பெருக்கினேன்.

ஹஜ்ஜுக்குப் புறப்பட்ட அன்று வாப்பா மடவளையிலிருந்து வந்தார். படமே வேண்டாம் என்று ஆயுள் முழுக்க மறுத்தவர், உம்மாவுக்காக, "ஒண்டே ஒண்டு எடு மகன்" என்றார். நான் இருட்டறையிலிருந்து படத்தகட்டை எடுத்துக்கொண்டு வந்தபோது, தூண் ஓட்டைப் பக்கம் குந்தியிருந்தவர் எழுந்து கதிரையில் உட்கார்ந்தார். கமரா மூடியைக் கழற்றும்போது ரயில் சத்தம் கேட்டது. வந்தால் வரட்டும் என்ற திமிரில் எடுத்தேன்.

அவரைக் கொழும்பு ரயிலில் ஏற்றிவிட்டு வந்து தகட்டைக் கழுவினேன். முகமே இல்லை. தாடி இருந்த இடத்தில் புகை மாதிரி ஏதோ.

கீழே ஓடினேன். "எங்கட வாப்பாட ஒரே படம்! சாக்கை அடைச்சி நாசமாக்கிட்டியேடா!" தெருவே கூடிவிட்டது. வயதில் மூத்தவர் என்றும் பார்க்காமல் வாய்க்கு வந்தபடி ஏசினேன். அவர் தராசில் மாவை நிறுத்துக்கொண்டே இருந்தார். மேலே வந்து சாக்கைப் பிடுங்கக் குனிந்தேன். இடைவெளியிலிருந்து கையோடு வந்தது, உம்மா பச்சை நூலால் ஓரம் தைத்த, வாப்பா முகம் துடைக்கும் லேஞ்சி.

மன்னிப்புக் கேட்க நான் கீழே போகவில்லை.

வாப்பா மக்காவிலேயே மௌத்தானார். துக்கம் விசாரிக்க மாவுக்கடைக்காரர் படியேறி வந்தார். தூணைப் பார்த்தபடியே பேசினார்.

"அன்னிக்கு எறங்கிப் போறப்ப உங்க வாப்பா கடையில நின்னாருங்க. இனிமே மாவுல குப்பை விழாதுன்னு சொல்லிட்டுத்தான் போனாரு."

"அப்ப ஏன் அண்டைக்கே சொல்லல்ல?"

"அவ்வளவு தூரம் பயணம் போற மனுசனை மகன்கிட்ட காட்டிக் குடுப்பாங்களா?"

என் ஏச்சையெல்லாம் வாங்கிக்கொண்டு நின்றவரை அந்த நிமிடம் வெறுத்த அளவுக்கு நான் ஒருநாளும் வெறுத்ததில்லை.