மாமா தோட்டத்தில் கிடைத்த பெட்ரோல்

குவைத்துச் சண்டையில் பெட்ரோல் விலை ஏறியதை எங்கள் லட்சுமணசாமி மாமா தனக்கு நேர்ந்த அவமானமாகவே எடுத்துக்கொண்டார். அக்கா பங்காரம்மாவைக் கட்டியவர் என்பதால் மரியாதையாகச் சொல்கிறேன். அந்த வருஷம் மனுஷன் அடித்த கூத்துக்கு அந்த மரியாதையே அதிகம். தொண்டாமுத்தூரிலிருந்து காந்திபுரம் போகும் வழியில் இறக்கம் தென்பட்டால் போதும், மொபெட்டின் எஞ்சினை அணைத்துவிடுவார். மேட்டில் வண்டி அதிகம் குடிக்குமாம். இரண்டு பிள்ளைக்குத் தகப்பனான என்னை இறங்கித் தள்ளச் சொல்வார்.

அந்தக் கோடையில் பழைய கிணறு வற்றிப்போய்த் தோட்டத்தில் போர்வெல் போட்டார். அக்கா தன் கையால் நட்ட தென்னைகள் அப்போதுதான் பாளை விட ஆரம்பித்திருந்தன. மோட்டாரை இறக்கி ஓட்டியதும் தண்ணீர் கொட்டியது. வாளியில் பிடித்துப் பார்த்தால் மேலே பளபளவென்று எண்ணெய் மிதந்தது. மாமா விரலால் தொட்டு மோந்து பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"ஏனுங்க, என்னாச்சுங்க?" என்றாள் அக்கா.

"அம்மணி, நம்ம பூமிக்குள்ள பெட்ரோல் கெடக்குது. இனி அரபிக்காரன் நம்மகிட்ட வந்து நிக்கோணும்!"

உடனே மோட்டாரை நிறுத்தி, ரூமைப் பூட்டி, சாவியை மடியில் செருகிக்கொண்டார். சுவிட்சில் ஒரு பொறி தட்டினால் தொண்டாமுத்தூரே எரிந்துபோகுமாம். மரத்துக்குத் தண்ணீர் வேண்டாமா என்று அக்கா கேட்டதற்கு, "பெட்ரோல் எடுக்கறப்ப மரத்தையெல்லாம் எப்படியும் வெட்டித்தான ஆகோணும்" என்றார். அன்றோடு அக்கா அவரிடம் பேசுவதை நிறுத்திவிட்டாள். எனக்கு அப்படியே பற்றிக்கொண்டு வந்தது.

மாமாவோ கலெக்டர் ஆபீஸில் மனுக் கொடுத்தார். ஊருக்குப் பாதி விலையில் பெட்ரோல் என்று டீக்கடையில் வாக்குக் கொடுத்தார். வண்டியே இல்லாத கருப்புசாமிகூட ஒரு கேன் வாங்கி வைத்துக்கொண்டார். இங்கே ஓலைகள் காய்ந்து தொங்கின. அக்கா குடம் குடமாகத் தண்ணீர் சுமந்து ஊற்றியும் தூர் நனையவில்லை.

கடைசியில் அவள் தேங்காய் வியாபாரி பஷீரை வரவழைத்தாள். சண்டைக்குத் தப்பி குவைத்திலிருந்து ஊர் திரும்பியவர். மாமாவுக்கு எதிரில் உட்கார்ந்து ஆரம்பித்தார்.

"எண்ணெய்க் கெணத்துக்குப் பக்கத்துலதானுங்கண்ணா எனக்கு வேலை. குடிக்கிற தண்ணியே லாரியிலதான் வரும். கண்ணுக்கெட்டுன தூரம் ஒரு பச்சை கெடையாதுங்க. இப்ப கெணத்துக்கெல்லாம் தீ வச்சு, பகலே இருட்டிக் கெடக்குதாம். மழை கறுப்பாப் பேயுதாம்."

பாலைவனத்தில் பச்சை இல்லாததற்கு எண்ணெய் என்னய்யா பண்ணும் என்று கேட்க வாயெடுத்தேன். அக்கா ஒரு முறை முறைத்தாள்.

அன்று மாமா சாப்பிடவில்லை. வெகுநேரம் மரங்களுக்கு நடுவே நின்றிருந்துவிட்டு என்னிடம் வந்தார். "கேசவா, பெட்ரோல் கெடையாதுன்னு சொல்லிப்போடலாம்."

"மனுக் குடுத்துப்போட்டீங்களே மாமா!"

மறுநாள் காலையில் ஜீப் வந்து நின்றது. அதிகாரி இறங்கி, "பெட்ரோல் எங்கீங்க?" என்றார். மாமா ஓடிவந்து கையை ஆட்டினார்.

"அதெல்லாம் சும்மாங்க சார். தங்கமான குடிதண்ணிங்க!"

சொன்னதோடு விட்டாரா? சாட்சிக்கு என்று மூடி வைத்திருந்த வாளியிலிருந்து சொம்பு நிறைய மொண்டு, மடக் மடக்கென்று குடித்தார். கடைசி மடக்கில் விழி பிதுங்கிவிட்டது.

அதிகாரி பதறிப்போனார். "அட, ஏனுங்க இப்படி? இந்தப் பாறைக்குள்ள பெட்ரோல் இருக்காதுன்னு சொல்லத்தானுங்க வந்தேன்! போர் போட்ட லாரியோட கம்ப்ரசர் எண்ணெய் உள்ள எறங்கியிருக்குது. நல்லா எறச்சு உட்டாத் தெளிஞ்சுரும்."

அத்தனை நாள் பேசாத அக்கா வாயைத் திறந்தாள். "கிறுக்குப் புடிச்சுப்போச்சுங்களா? அந்தக் கருமத்த எதுக்குங்க குடிச்சீங்க?"

"நீ வச்ச மரம் அம்மணி. வெட்டிப்போடுவாங்கன்னு..."

அக்கா அவர் மடியிலிருந்து சாவியை உருவிக்கொண்டு ஓடினாள். மோட்டாரைப் போட்டுவிட்டு வந்துதான் அழுதாள். அழுதுகொண்டே திட்டினாள், திட்டிக்கொண்டே அவர் முதுகைத் தடவிக்கொடுத்தாள். மாமா பெரிய ஏப்பம் ஒன்று விட்டார். சிகரெட்டைப் பற்றவைக்கப் போன அதிகாரி, தீப்பெட்டியை மறுபடி பைக்குள் போட்டுக்கொண்டார்.