குடும்பத்தாருக்கு மட்டும்

மின்வாரியத்தில் முப்பது வருஷம் குப்பை கொட்டி, திருப்பாதிரிப்புலியூரில் ஆறு போர்ஷன் கட்டினார் சுப்புராயன். கீழே ஒன்றில் அவரும் மனைவி தைலம்மாளும்; மற்ற ஐந்தும் வாடகைக்கு. வாசல் பலகையில் ‘குடும்பத்தாருக்கு மட்டும்’ என்று எழுதியிருந்தார். அந்த விஷயத்தில் மனுஷன் இம்மியும் அசைய மாட்டார். புரோக்கர் அய்யனார் ஒருமுறை பிரிசில்லா டீச்சரை அழைத்து வந்தான்.

“தனி ஆளுக்குக் குடுக்கறதில்ல டீச்சர். நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?” என்று வாசலோடு அனுப்பிவிட்டார். தைலம்மாள்தான் அந்தம்மாவுக்கு ஒரு டம்ளர் மோராவது கொடுத்தாள்.

2009இல் தைலம்மாள் போய்ச் சேர்ந்தாள். பெங்களூர் மகள் வினோதினி கூப்பிட்டாள். அந்தக் குளிர் இவருக்கு ஆகாது. மோட்டார், கசிவு, தண்ணீர்ச் சண்டை என்று தனியாக மாரடிக்கவும் முடியவில்லை. கட்டடத்தை விற்றுவிட்டு, அதிலேயே ஒரு போர்ஷனில் வாடகைக்கு இருந்துவிடலாம் என்று கணக்குப் போட்டார்.

“தனித்தனியா வித்தா ஆறு பத்திரம், ஆறு வம்பு மாமா,” என்றான் அய்யனார். “சிதம்பரத்துப் பார்ட்டி மொத்தமா கேக்குறாங்க. தையில பத்திரம். ஆனா எல்லாரையும் காலி பண்ணிக் குடுத்துடணும்.”

மார்கழியில் யார் வீடு மாறுவார்கள்? கார்த்திகைக்குள்ளேயே ஐந்து குடும்பமும் கிளம்பிவிட்டது. அப்புறம் ஒரு முழு மாதம் தான் மட்டும் கிடக்க வேண்டுமே என்பது, அட, அவருக்குத் தோன்றவேயில்லை!

போன மார்கழி வரை கோலம் போட இடம் போதாமல் அடித்துக்கொண்ட வாசல், இப்போது வெறுமனே கிடந்தது. பழக்கத்தில் காலையில் மோட்டாரைப் போட்டார். செலவழிக்க ஆளில்லாத தொட்டி நிரம்பி வழிந்தது. அதைப் பார்த்து அழுதேவிட்டார்.

தை பிறந்தது. பத்திர ஆபீஸ் வாசலில், வாங்க வந்த கார்த்திகேசனிடம் மெல்லக் கேட்டார்.

“தம்பி, கீழ் போர்ஷன எனக்கே வாடகைக்கு விட்டுடு. நீ சொல்றதுதான் வாடகை.”

அவன் சங்கடமாக நெளிந்தான். “தப்பா நெனைக்காதீங்க மாமா. தனியா இருக்கீங்க. நாளைக்கு ஒண்ணுன்னா யாரு வந்து நிப்பா?”

அட்வான்ஸ் வாங்கியாகிவிட்டது. உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டார். வெளியே வந்ததும் அய்யனாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

“ஏம்ப்பா, அந்த டீச்சரம்மாவுக்கு அப்புறம் எங்கதான் வீடு கெடச்சுது?”