மதினிக்கு நான் கொடுத்த கிருமிநாசினி

என் மதினியின் வாழ்க்கையைக் கெடுத்தவள் நான்தான். தெரியாமல்தான் தொடங்கினேன்... தெரிந்த பிறகும் வாயைத் திறக்கவில்லை.

அண்ணன் குவைத்தில் இருந்தான். அவன் மனைவி, என் மதினி முனீஸ்வரி, பாம்பனில் கடல்பாசி எடுக்கப் போவாள். சேலைக்கு மேல் அண்ணனின் பழைய சட்டை. ஐந்து மணி நேரம் உப்புத்தண்ணீரில் கிடந்துவிட்டு ஈரத்தோடே வீடு வருவாள். ஒருநாள் கூசிக்கூசிச் சொன்னாள்: "கீழ அரிக்குது தாயி. உக்கார முடியல."

நான் மைக்ரோபயாலஜி இரண்டாம் ஆண்டு. அரிப்பு என்றால் கிருமி! வேறென்ன? பாறை கிழித்த விரல்களுக்குப் பாசிக்காரப் பெண்கள் போடும் கிருமிநாசினி வீட்டிலேயே இருந்தது. அதைக் கலந்து இருவேளையும் பெண்ணுறுப்பைக் கழுவச் சொன்னேன். வாசனை சோப்பும் வாங்கித் தந்தேன். எரிகிறது என்றாள்.

"கிருமி சாகுறப்ப அப்படித்தேன் எரியும்" என்றேன்.

ஒரே மாதத்தில் தோல் சிவந்து வெடித்தது. அவள் காலை அகட்டி நடப்பதை அம்மா கவனித்தாள். "புருசன் ஊர்ல இல்ல. இது எவன்ட்ட வாங்குன சீக்கு?"

ராமநாதபுரத்துக்கு நான்தான் கூட்டிப்போனேன். "அந்த இடத்துல என்ன போட்டுக் கழுவுறீங்க?" என்று கேட்டார் டாக்டரம்மா. மதினி என்னைப் பார்த்தாள்.

"வெறும் தண்ணிதான் மேடம்."

முந்திக்கொண்டது நான். ஏன்? டாக்டர் முன்னால் முட்டாளாகத் தெரியக் கூடாது... அவ்வளவுதான். நான் சொன்னால் சரியாக இருக்கும் என்று மதினியும் தலையாட்டினாள். களிம்பு எழுதி, பரிசோதனைக்கு மறுபடி வரச் சொன்னார். வீட்டில் அம்மா விடவில்லை. "ஊரு சிரிக்கவா?"

அன்று திரும்பும் பஸ்ஸிலேயே போனில் தேடிப் படித்தேன். மதினிக்கு முதலில் வந்தது ஈரத்துணியும் உப்பும் உரசிய அரிப்பாக இருக்கலாம். நல்ல தண்ணீரும் உலர்ந்த துணியும் போதும். கிருமிநாசினியும் வாசனை சோப்பும் அந்த மெல்லிய தோலைப் புண்ணாக்கும், நிறுத்தினால் ஆறும். மதினி என் தோளில் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்தாள். போனை அணைத்தேன்.

அம்மா போனில் சொன்னதைக் கேட்டு, அந்த வாரமே அண்ணன் அவளைத் தொண்டிக்கு, தாய்வீட்டுக்கு, அனுப்பச் சொன்னான். அங்கே கிருமிநாசினி இல்லை. பதினைந்தே நாளில் ஆறிவிட்டது. அம்மாவுக்கு அதுவும் சாட்சியானது. "இங்கன இருந்தவரைக்கும் சீக்கு. அங்கன போனதும் சரியாயிருச்சு. அப்ப அவன் இந்த ஊர்க்காரந்தேன்."

நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். தட்டைக் காலி செய்துவிட்டுத்தான் எழுந்தேன்.

இப்போது அண்ணனுக்கு வேறு பெண் பார்க்கிறார்கள். நேற்று மதினி கூப்பிட்டாள். "அந்த வீட்ல நீ ஒருத்திதேன் என்னைய நம்புன தாயி. உங்கண்ணன்ட்ட ஒரு வார்த்த சொல்லு. நீ சொன்னாக் கேப்பாக."

"சொல்றேன் மதினி."

இன்னும் சொல்லவில்லை. முன்பின் தெரியாத உங்களிடம்தான் சொல்லியிருக்கிறேன்...