நான் நொண்டிய நாட்கள்

என் கட்டிலில் ஒரு சின்னத் தலையணை கிடக்கிறது. நீல உறை. நடுவில் அமுங்கி, பஞ்சு இரண்டு ஓரமும் ஒதுங்கிவிட்டது. தலை வைத்து அமுங்கியதல்ல. என் மருமகள் முழங்கால்களுக்கு நடுவே வைத்துப் படுத்துப் படுத்து விழுந்த பள்ளம் அது.

எங்கள் வீடு திருமுல்கேரியில்; தெலுங்கும் உருதும் புழங்கும் ஊர். வீட்டுக்காரர் ராணுவத் தொழிற்சாலையில் இருந்தவர், காலமாகிவிட்டார். இப்போது மகன், மருமகளோடு இருக்கிறேன். மருமகள் மதுரைப் பெண், பேகம்பேட்டில் ஆபீஸ் வேலை. முதல் தடவை அவள் உண்டானபோது சந்தோஷத்தில் எல்லாருக்கும் சொல்லிவிட்டோம். கரு தங்கவில்லை. விசாரித்தவர்களுக்கெல்லாம் பதில் சொல்லிச் சொல்லியே அந்தப் பெண் ஒடுங்கிப்போனாள். அதனால் மறுபடி உண்டானதும், “அத்தை, மூணு மாசம் முடியட்டும். அதுவரைக்கும் எங்கம்மாகிட்டகூட மூச்சு விட்றாதீங்க” என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். நம் வழக்கமும் அதுதானே.

ஆனால் இரண்டாம் மாதமே வலி வந்துவிட்டது. பிட்டத்தில் தொடங்கி, தொடையின் பின்பக்கமாக இறங்கி, குதிகால்வரை கரண்ட் அடித்தாற்போல் வெட்டுமாம். இடுப்புக்கட்டே கழன்று விழுவதுபோல் இருக்குமாம். பயந்து டாக்டரம்மாவிடம் ஓடினோம். கருவுக்கு ஒன்றுமில்லை, பிள்ளைத்தாய்ச்சிக்கு மூட்டு இளகுவதாலும் நரம்பு இழுப்பதாலும் வருவது என்றார். கண்ட மாத்திரை கூடாது, ஒற்றைக்காலில் நிற்கக்கூடாது, படுக்கும்போது முழங்கால் நடுவே தலையணை வேண்டும் என்றார்.

தலையணை வாங்கிக்கொண்டு மாடி ஏறும்போது எதிர்வீட்டுக்காரம்மா பார்த்துவிட்டார். நம் வேலூர்ப் பக்கத்துக் குடும்பம்தான்; பிறந்து வளர்ந்ததெல்லாம் இந்த ஊர். “கைக்கு நொண்டுறே பேட்டா?” என்றார்; ‘கைக்கு’ என்றால் இந்த ஊர் உருதில் ‘ஏன்’. மருமகள் முகம் வெளுத்துவிட்டது. நாலு பேர் இருந்தால் வாயே திறக்காத எனக்கு எங்கிருந்து வந்ததோ, “வலி எனக்குத்தாம்மா. நான் எப்படி நடக்கிறேன்னு கேலி பண்ணிக் காட்டுறா” என்றேன்.

சொன்னபிறகு நொண்டாமல் முடியுமா? எப்படி நொண்டுவதென்று பழக, அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். அப்போதுதான் எனக்கு எல்லாம் தெரிந்தது. காலையில் இரண்டு முழங்கால்களையும் கட்டிப்போட்டதுபோல் சேர்த்துக்கொண்டு பக்கவாட்டில் புரளுவாள். முழங்கையை ஊன்றி எழுவாள். ஆழம் தெரியாத தண்ணீரில் வைப்பதுபோல் தரையில் பாதத்தை வைப்பாள். மேலுதட்டில் வேர்வை பொடித்திருக்கும். அந்த நேரம் பார்த்து அம்மாவின் போன் வரும். “நல்லாத்தாம்மா இருக்கேன்” என்று சிரிப்பாள். அதே மாதிரி என் அறையில் நானும் எழுந்து பார்த்தேன். வலியே இல்லாத என் இடுப்பு இரண்டு தோசை வார்ப்பதற்குள் கடுத்துவிட்டது. நானும் பெற்றவள்தான். ஆனால் ஒரு மனுஷி இவ்வளவையும் சுமந்துகொண்டு சாப்பாட்டுப் பையையும் தூக்கிக்கொண்டு ஆபீஸ் போக முடியுமென்று நினைத்ததில்லை.

“எப்படிம்மா தாங்குறே?” என்று ஒருநாள் கேட்டேன்.

“போன தடவை எனக்கு ஒரு வலியும் இல்லையே அத்தை. இது வலிக்கிறவரைக்கும் உள்ள இருக்குன்னு ஒரு தைரியம்.”



எதிர்வீட்டுக்காரம்மா சும்மா விடவில்லை. “என்னக்கா, நேத்து எடது கால் நொண்டினீங்க, இன்னைக்கு வலது?” என்றார். நான் அவசரமாகக் காலை மாற்றிக்கொண்டேன். ஒரு நிமிஷம் என்னையே பார்த்தவர், “ஹவ், ஆமாக்கா, வலின்னா ஊர் சுத்தும்” என்று போய்விட்டார். மறுநாளிலிருந்து பப்பு என்கிற மாங்காய்ப் பருப்பு, எலுமிச்சை ஊறுகாய் என்று கிண்ணம் கிண்ணமாக வந்தது. “உங்க காலுக்கு நல்லதுக்கா” என்பார்.

மூன்றாம் மாதம் முடியுமுன் ஒரு காலை, மருமகள் கட்டிலைவிட்டு இறங்கவேயில்லை. தலையணையை வயிற்றோடு கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். “வலி நின்னுடுச்சு அத்தை.” அவ்வளவுதான் சொன்னாள். வலி விட்டதற்காக ஒரு வீடே நடுங்கியதை அன்றுதான் கண்டேன். மகன் ஆட்டோ பிடித்தான். வழியெல்லாம் அவள் தன் காலையே பார்த்துக்கொண்டு வந்தாள், திட்டவாவது வாயேன் என்று ஒருவரைக் கூப்பிடுவதுபோல.

ஸ்கேனில் குழந்தையின் இதயம் குதிரை ஓடுவதுபோல் கேட்டது.

திரும்பி வந்து மாடி ஏறும்போது பாதிப் படியில் சட்டென்று கைப்பிடியைப் பற்றினாள். “அத்தை, வந்துடுச்சு!” என்றாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு. வலிக்கு அப்படியொரு வரவேற்பை நான் எங்கும் பார்த்ததில்லை. மேலே எதிர்வீட்டுக்காரம்மா நின்றிருந்தார். எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு மெதுவாக, “அக்கா, இன்னைக்கு நொண்ட மறந்துட்டீங்க” என்றார்.

வலி அவளைப் பிரசவம்வரை விடவில்லை. பேத்தி இப்போது பள்ளிக்கூடம் போகிறாள். தமிழில் கூப்பிட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறாள், இந்தத் தலையணைமேல் ஏறிக் குதிக்கிறாள். பஞ்சைத் தட்டிப் பள்ளத்தைச் சரிசெய்ய எத்தனையோ தடவை கை ஓங்கியிருக்கிறேன். தட்டியதில்லை. உறையை மட்டும் மாற்றி, பள்ளம் மேலே இருக்கும்படி வைத்துவிடுவேன்.