ஒரு பை வல்லாரை

இரண்டு வருஷத்துக்கு முன்னால், மழை விடாமல் கொட்டிக்கொண்டிருந்த ஒரு மாசத்தில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பின்பக்கம் இருக்கும் ஒரு சிமென்ட் பெஞ்சில் நடந்தது இது. நடந்தது என்று சொன்னால் ஏதோ தானாக நடந்த மாதிரி இருக்கிறது. நான் செய்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

முதலில் ஆமையைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிங்கப்பூரில் கண்ட கண்ட ஆமையை வீட்டில் வளர்க்க முடியாது. அனுமதி இருப்பது இரண்டே வகைக்கு. அதில் ஒன்று மலாயன் பெட்டி ஆமை. தொட்டால் தலை, கால், வால் எல்லாவற்றையும் உள்ளே இழுத்துக்கொண்டு ஓட்டை இறுக்கி மூடிக்கொள்ளும். வளர்ந்துவிட்டால் பெரும்பாலும் இலை தழைதான் சாப்பாடு. என்னோடு வேன் ஓட்டிய ஒருவர் ஊரோடு போகும்போது என்னிடம் விட்டுவிட்டுப் போன ஆமை ஒன்று புக்கிட் பாத்தோக்கில் என் வீட்டில் இருக்கிறது. அதற்காகக் காரிடாரில் நாலு தொட்டி வைத்தேன். நாலு பத்தாகி, பத்து இருபதாகி, செம்பருத்தி, முசுக்கட்டை, கங்கோங் கீரை, பருப்புக்கீரை, வல்லாரை என்று பெருகிவிட்டது. "ஆமைக்கு இவ்ளோ செய்றீங்க, எனக்கு ஒரு நாளாவது காப்பி கலக்கிக் குடுத்திருக்கீங்களா?" என்று என் மனைவி கேட்காத நாள் கிடையாது.

என்னைப் போல ஆமை வைத்திருப்பவர்கள் இருபது பேர் சேர்ந்து கைப்பேசியில் ஒரு குழு வைத்திருந்தோம். சீனர், மலாய்க்காரர், தமிழர் எல்லாரும் உண்டு. யாரிடம் எந்த இலை மிச்சம் இருக்கிறதோ அதைப் பையில் போட்டு மற்றவருக்குக் கொடுப்போம். காசு வாங்க மாட்டோம். ஒரே ஒரு கட்டுப்பாடு மட்டும் கறாராக இருந்தது. பையின் மேல் மாஸ்கிங் டேப் ஒட்டி, இலையின் பெயர், பறித்த நாள், அப்புறம் 'ஹோம்' அல்லது 'அவுட்' என்று எழுத வேண்டும். 'ஹோம்' என்றால் நம் தொட்டியில் நாமே வளர்த்தது, அப்படியே கொடுக்கலாம். 'அவுட்' என்றால் நண்பர் வீட்டுத் தோட்டம் மாதிரி வேறு எங்கோ பறித்தது. மூன்று தண்ணீரில் அலச வேண்டும், வயசான ஆமைக்கும் உடம்பு சரியில்லாத ஆமைக்கும் கொடுக்கவே கூடாது. எங்கே என்ன மருந்து அடித்திருப்பார்களோ, யாருக்குத் தெரியும்?

என் பைகளில் எப்போதும் 'ஹோம்'தான். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது. குழுவில் ஒருத்தர் என் காரிடாரைப் 'பண்ணை' என்று எழுதப்போக, அன்றிலிருந்து நானே என்னைப் பண்ணையார் என்று நினைத்துக்கொண்டேன். போட்டோ எடுத்துப் போடாத வாரம் இல்லை.

குழுவில் ஓர் அக்கா இருந்தார். அறுபத்தைந்து வயசுக்கு மேல் இருக்கும். தேக்காவை ஒட்டிய அடுக்குமாடி புளோக் ஒன்றில் தனியாக இருந்தார். அவரும் அவருடைய தங்கையும் கல்யாணம் செய்துகொள்ளாமல் அந்த வீட்டிலேயே ஒன்றாக இருந்தவர்கள். தங்கைதான் ஆமையை வாங்கி வந்து வளர்த்தவர். அவர் இறந்துவிட்டார். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டில் இருந்த ஆமையும் அக்காவும்தான் மிச்சம். அவர் வீட்டில் வெயில் விழாது, செடி வராது. அதனால் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் நான் சாமான் வாங்க தேக்கா போகும்போது ஒரு பை எடுத்துப்போய் அந்த பெஞ்சில் வைத்துக் கொடுப்பேன். அவர் கோயிலுக்குப் போய்விட்டு விபூதியோடு வருவார். பத்து நிமிஷம் பேசுவோம். முக்கால்வாசி ஆமையைப் பற்றித்தான். "பேரு சொன்னா திரும்பிப் பாக்காது தம்பி, என் தங்கச்சியோட வளையல் சத்தம் கேட்டாத்தான் தலைய நீட்டும். அதனால அவ வளையல நானே போட்டுக்கிட்டேன்" என்று ஒருதரம் கையைக் காட்டினார்.

அந்த மழை மாசத்தில் அவருடைய ஆமைக்குக் கண் வீங்கி, மூன்று வாரம் எதுவும் சாப்பிடவில்லை. டாக்டரிடம் காட்டி, ஊசி போட்டு, ஒருவழியாகத் தேறியது. வியாழக்கிழமை எனக்கு போன் செய்தார். குரலில் அவ்வளவு சந்தோஷம்.

"தம்பி, நேத்து வாயத் திறந்துருச்சு. நீங்க போன மாசம் குடுத்த வல்லாரையில ஒரு வேர் தண்ணியில போட்டு வச்சிருந்தேன், ரெண்டு இலை விட்டிருந்துச்சு, அத மட்டும் கடிச்சுச்சு. கடையில வாங்குனா மருந்து இருக்கும்னு பயமா இருக்கு. உங்க வீட்டு இலை கொஞ்சம் கொண்டாங்க தம்பி."

"கவலைய விடுங்கக்கா. நம்ம தோட்டம் இருக்குலா" என்றேன்.

தோட்டம் இல்லை. அதுதான் விஷயம். மழையில் வல்லாரைத் தொட்டி மூன்றிலும் மாவுப்பூச்சி விழுந்து, ஒரு வாரத்துக்கு முன்னால்தான் எல்லாவற்றையும் பிடுங்கிக் குப்பையில் போட்டிருந்தேன். குழுவில் சொல்லவில்லை. பண்ணையார் தொட்டியில் பூச்சி என்றால் கௌரவம் என்ன ஆவது? "அக்கா, இந்த வாரம் என்கிட்ட இல்ல, வேற யார்கிட்டயாவது கேட்டுப் பாக்கிறேன்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேட்டிருந்தால் குழுவில் நாலு பேர் கொடுத்திருப்பார்கள்.

சனிக்கிழமை மத்தியானம் எங்கள் புளோக்குக்கு எதிரே மல்டிஸ்டோரி கார்பார்க் பக்கம் போனேன். அங்கே சாக்கடையை ஒட்டிய புல்சரிவில் வல்லாரை பாய் விரித்த மாதிரி படர்ந்து கிடக்கும். பொது இடத்தில் பறிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரியும். சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு ஒரு பை நிறையப் பறித்தேன். நல்ல பச்சை, ஓட்டை விழாத இலை. வீட்டுக்கு வந்து டேப் ஒட்டி, இலையின் பெயர் எழுதி, நாள் எழுதி, பேனாவைக் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தேன். 'அவுட்' என்று எழுதினால் அக்கா அந்த ஆமைக்குக் கொடுக்க மாட்டார். என் வீட்டில் இல்லை என்பதும் தெரிந்துவிடும். 'ஹோம்' என்று எழுதினேன். மழை கழுவாததையா நாம் கழுவப் போகிறோம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். என் ஆமைக்கு வல்லாரை பிடிக்காது. அதற்கு அன்று செம்பருத்திதான்.

ஞாயிற்றுக்கிழமை பையை வாங்கிக்கொண்டு அக்கா முகர்ந்து பார்த்தார். "வீட்டு இலை வாசமே தனி தம்பி" என்றார். நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இன்றைக்கும் எனக்குக் கூசுகிறது.

திங்கட்கிழமை சாயங்காலம் அவரிடமிருந்து செய்தி வந்தது. ஆமை வயிறார சாப்பிட்டதாம், ஆனால் மத்தியானத்திலிருந்து கால் நடுங்குகிறதாம், தலையை உள்ளே இழுக்க முடியாமல் தொங்கப் போட்டிருக்கிறதாம். காலையில் டாக்டரிடம் போகிறேன் என்று எழுதியிருந்தார். எனக்கு அந்தப் பைதான் ஞாபகம் வந்தது. இருந்தாலும் பழைய நோயாக இருக்கும் என்றே நினைக்க விரும்பினேன்.

செவ்வாய்க்கிழமை காலை வேனை எடுக்கக் கீழே போனபோது, அந்தப் புல்சரிவில் முதுகில் மருந்து டப்பாவோடு ஒருவர் நின்றுகொண்டிருந்தார். நம் ஊர்க்காரர், தஞ்சாவூர்ப் பக்கத்துப் பேச்சு. என்ன அடிக்கிறீங்க என்று கேட்டேன்.

"கொசு மருந்துண்ணே. இந்தப் பக்கம் டெங்கி வந்திருக்குல்ல. வெள்ளிக்கிழமையும் அடிச்சோம், இன்னிக்கு ரெண்டாவது தடவ. நாய் கீய் மேய விட்டுறாதீங்க."

வெள்ளிக்கிழமை. நான் பறித்தது சனிக்கிழமை. இடையில் ஒரு சொட்டு மழை இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மாசத்தில் மழை விட்ட ஒரே நாள் அது.

வேனில் ஏறி உட்கார்ந்தேன். கைப்பேசியை எடுத்தேன். அக்காவின் பெயர் வரைக்கும் போனேன். என்ன சொல்வது? 'ஹோம்' என்று எழுதியது பொய் என்றா? குழுவில் எல்லாருக்கும் தெரிந்துவிடும். டாக்டர் பார்த்துக்கொள்வார், அவருக்குத் தெரியாதா என்று நினைத்து, கைப்பேசியை சீட்டில் போட்டுவிட்டு வண்டியைக் கிளப்பினேன். அன்று முழுக்கப் பத்துப் பதினைந்து இடத்தில் சாமான் இறக்கினேன். ஒவ்வொரு இடத்திலும் போன் செய்ய நேரம் இருந்தது.

புதன்கிழமை மத்தியானம் ஆமை இறந்துவிட்டது.

அன்று சாயங்காலம் அக்கா குழுவில் எழுதினார். ஏதோ மருந்து பட்ட மாதிரி இருக்கிறது என்று டாக்டர் சொன்னாராம். என்ன சாப்பிட்டது என்று கேட்டதற்கு, வீட்டில் வளர்த்த சுத்தமான இலை என்று இவர் சொன்னாராம். அப்படியானால் வீட்டில் ஏதாவது ஸ்ப்ரே அடித்தீர்களா என்று கேட்டாராம். போன வாரம் சமையலறை மூலையில் கரப்பான் மருந்து அடித்தது இவருக்கு ஞாபகம் வந்திருக்கிறது. 'தயவுசெய்து யாரும் வீட்டில் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். நான் செய்த தப்பை நீங்கள் செய்யாதீர்கள். என் தங்கை என்னிடம் விட்டுப் போனதை நானே கொன்றுவிட்டேன்' என்று எழுதியிருந்தார்.

எல்லாரும் ஆறுதல் எழுதினார்கள். நானும் கைகூப்பும் படம் ஒன்றைப் போட்டேன். அதைவிடக் கேவலமான காரியம் என் வாழ்க்கையில் நான் செய்ததில்லை.

அடுத்த வாரம் அக்கா எங்கள் வீட்டுக்கு போன் செய்தார். எடுத்தது என் மனைவி. ஆமைக்கு வாங்கிய விளக்கும் தொட்டியும் சும்மா கிடக்கின்றனவாம், எங்கள் ஆமைக்குக் கொடுக்க வேண்டுமாம். கடைசியாக வயிறார சாப்பிட்டது உங்கள் வீட்டுக்காரர் கொடுத்த வல்லாரைதான் என்று சொல்லி அழுதாராம். போனை வைத்துவிட்டு மனைவி என்னைப் பார்த்தாள்.

"நம்ம தொட்டியிலதான் அப்ப வல்லாரையே இல்லையே. என்னத்தக் கொண்டு போய்க் குடுத்தீங்க?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் கத்தவில்லை. "அவங்க அங்க தன்னையே திட்டிக்கிட்டு இருக்காங்க. நீங்க இங்க சாப்பிட்டுத் தூங்குறீங்க" என்று மட்டும் சொன்னாள். அப்புறம் இரண்டு நாள் என்னோடு பேசவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை அதே பெஞ்சுக்குப் போனேன். அக்கா எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் தள்ளுவண்டியில் தொட்டியும், துணியில் சுற்றிய விளக்கும். முகம் சுருங்கிப் போயிருந்தது. நான் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னேன். பூச்சி விழுந்தது, சாக்கடைச் சரிவில் பறித்தது, டேப்பில் எழுதியது, கொசு மருந்து, எல்லாவற்றையும். உங்க மேல ஒரு தப்பும் இல்லக்கா, எல்லாம் நான் பண்ணது என்றேன். மன்னிச்சிருங்க என்று சொல்லும்போது அழுதுவிட்டேன்.

அவர் தள்ளுவண்டிக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தரையைப் பார்த்தபடி கேட்டார். மார்க்கெட்டிலிருந்து வந்தவர்கள் எங்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

"வீட்டு இலைன்னு நான் கழுவக்கூட இல்ல தம்பி" என்றார். பிறகு தலையைத் தூக்கி, "மருந்து அடிச்சது உங்களுக்கு எப்பத் தெரியும்?" என்று கேட்டார்.

அங்கே இன்னொரு பொய் சொல்லியிருக்கலாம். நேற்றுத்தான் தெரியும் என்று சொல்லியிருந்தால் அவர் நம்பியிருப்பார்.

"செவ்வாய்க்கிழமை காலையிலக்கா."

"செவ்வாய்க்கிழமையா?" என்றார். "செவ்வாய்க்கிழமை அது உசுரோட இருந்துச்சு தம்பி. நான் டாக்டர் முன்னாடிதான் உக்காந்திருந்தேன்."

திட்டவில்லை, சாபம் விடவில்லை. எழுந்து தள்ளுவண்டியைத் திருப்பினார். தொட்டி ஒரு பக்கம் சாய்ந்தது; நான் பிடிக்கப் போனேன். வேண்டாம் என்று கையைக் காட்டிவிட்டு அவரே நிமிர்த்தி வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்து போய்விட்டார்.

அன்று இரவே குழுவில் உண்மையை எழுதினேன். சிலர் திட்டினார்கள், சிலர் பதிலே போடவில்லை. அதில் எனக்கு வருத்தம் இல்லை. அக்கா குழுவிலிருந்து விலகிவிட்டார். தேக்காவில் இரண்டு தரம் தூரத்தில் அவரைப் பார்த்தேன். கிட்டே போக எனக்குத் தைரியம் வரவில்லை. என் ஆமையை நல்ல டாக்டரிடம்தான் காட்டுகிறேன். இரண்டு வருஷத்தில் அவரிடம் எத்தனையோ கேள்விகள் கேட்டிருக்கிறேன். கொசு மருந்து பட்டது ஒரு நாள் முன்னால் தெரிந்திருந்தால் ஒரு ஆமையைக் காப்பாற்றியிருக்க முடியுமா என்று மட்டும் இன்றுவரை நான் கேட்கவில்லை. முடிந்திருக்கும் என்று அவர் சொல்லிவிட்டால் அந்த அக்காவின் முகத்தை எந்த ஜென்மத்திலும் என்னால் பார்க்க முடியாது.